‘மரம்’ தேடினால் மரத்தையும் பிடிக்க வேண்டும்: தமிழ் உரையில் ரெஜெக்ஸ்

தேடும் பெட்டியில் ‘மரம்’ என்று அடித்தால் மரத்தை, மரங்கள், மரமும் எதுவும் சிக்காது. வேற்றுமை உருபு ஏறியதும் உருமாறிவிடும் சொற்கள் நம்முடையவை, அதனால்தான் ரெஜெக்ஸ், அதாவது ஒரே சொல்லைத் தராமல் எழுத்துகள் வரும் அமைப்பைச் சொல்லித் தேடும் முறை, ஆங்கிலத்தைவிடத் தமிழுக்கு அதிகம் தேவை என்று நினைக்கிறேன்.

விஎஸ் கோடு (VS Code) என்ற உரை எழுதும் மென்பொருளில் ஒரு புதிய கோப்பைத் திறந்து இதை ஒட்டுங்கள்:

சாமரம் வீசினார்கள். மரத்தில் குருவி. மரபு மாறியது. புளியமரமும் மரங்களும் நின்றன. மரியாதை.

கண்ட்ரோல் எஃப் அழுத்துங்கள். பெட்டியின் வலது ஓரத்தில் .* என்று ஒரு பொத்தான் இருக்கும், அதைத் தட்டினால் ரெஜெக்ஸ் தயார். முதலில் வெறுமனே தேடிப் பாருங்கள்:

மர

ஆறு இடங்கள் வரும். மரபு வருவது சரி, மரியாதை ஏன்? நமக்கு ‘ரி’ ஓர் எழுத்து. கணினிக்கு அது ர, அதன் பின்னால் தனியாக ஒரு ி, ஆக இரண்டு. இது மனதில் பதிந்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்தது.

அடுத்து:

மர(ம|த்த|ங்க)

நடுவில் உள்ள கோடு ‘அல்லது’ என்று பொருள்படும். இப்போது நான்கு. ‘ம்’ என்று போடாமல் ‘ம’ என்று விட்டதற்குக் காரணம் இருக்கிறது: மரமும் என்பதில் அந்த இடத்தில் புள்ளியே கிடையாது, உகரம்தான் இருக்கிறது.

சரி, சாமரம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறதே? ஆங்கிலப் பாடங்களில் சொல் எல்லைக்கு என்று ஒரு குறியீடு சொல்லித் தருவார்கள், அதை இங்கே நம்பாதீர்கள், விஎஸ் கோடில் அது தமிழ் எழுத்துகளை எழுத்தாகவே கணக்கில் எடுப்பதில்லை. பதிலாக இப்படி எழுதலாம்:

(?<![ஃ-்])மர(ம|த்த|ங்க)

சதுர அடைப்புக்குள் இருப்பது ஆய்தம் முதல் புள்ளி வரையிலான தமிழ்க் குறிகள். அதற்கு முன் உள்ள ?<! மூலம், ‘மர’வுக்கு முன்னால் அவற்றில் எதுவும் இருக்கக் கூடாது என்கிறோம். ஆனால் இதில் புளியமரமும் போய்விடும்! எனக்கு அது வேண்டும் என்பதால் சாமரத்தை மட்டும் விலக்குகிறேன்:

(?<!சா)மர(ம|த்த|ங்க)[ஃ-்]*

மூன்று கிடைக்கும். கடைசியில் சேர்த்த பகுதி சொல்லின் மிச்சத்தையும் சேர்த்துப் பிடிக்கும், மரங்களும் முழுதாக ஒளிரும்.

‘கை மரத்துப்போனது’ என்று எங்காவது எழுதியிருந்தால் அதுவும் மாட்டும். அதனால் எல்லாவற்றையும் ஒரே அடியாக மாற்றும் பொத்தானை அழுத்தாமல், ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுங்கள்.