நவாஹோ மண்ணில் துப்பறியும் நாவல்: எழுதுபவர்கள் சறுக்கும் இடங்கள்

அமெரிக்காவின் தென்மேற்கில் நவாஹோ பழங்குடியினருக்கென்று தனி நிலமும் அரசும் உண்டு. அங்கே கதையை வைப்பவர்களின் முதல் சறுக்கல் போலீஸ் விஷயத்தில். பழங்குடிக் காவல் அதிகாரி கொலைகாரனைப் பிடிக்கிறார், உள்ளூர் நீதிமன்றம் ஆயுள் தண்டனை கொடுக்கிறது என்று எழுதிவிடுகிறார்கள். அதற்கு வழியே இல்லை. 1885ஆம் ஆண்டுச் சட்டப்படி, அங்கே பழங்குடி ஒருவர் செய்த கொலை அமெரிக்க மத்திய அரசின் வழக்கு; எஃப்.பி.ஐ. வந்துவிடும். கொன்றவர், செத்தவர் இருவருமே பழங்குடியல்லாத வெளியார் என்றால் மாநில போலீஸ். கொன்றவர் மட்டும் வெளியார் என்றாலும், 1978 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு பழங்குடி நீதிமன்றம் அந்தக் கொலையை விசாரிக்க முடியாது. கண்ணெதிரே குற்றவாளி நிற்க, கை கட்டப்பட்ட அதிகாரி! கதையின் உயிரே இதுதான். இதை விட்டுவிட்டுக் கார் துரத்தலில் பக்கங்களை நிரப்புவதைப் பார்த்தால் எனக்கு மனசு ஆறாது.

நேரக் கணக்கிலும் கவனம் வேண்டும். கோடையில் நவாஹோ நிலத்தில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைப்பார்கள். அரிசோனாவின் மற்ற பகுதிகளில் அந்த வழக்கம் இல்லை, நவாஹோ நிலம் சூழ்ந்திருக்கும் ஹோப்பி என்ற இன்னொரு பழங்குடி மக்களிடமும் இல்லை. நவாஹோ ஊரான டூபா சிட்டியில் கோடையில் மணி ஐந்து என்றால், ஒட்டியே இருக்கும் ஹோப்பி ஊரான மோயன்கோப்பியில் நான்குதான். சம்பவ நேரத்தில் வேறு இடத்தில் இருந்தேன் என்று ஒருவர் சொல்லும் சாட்சியம் இந்த ஒரு மணி நேரத்தில் கவிழ்ந்துவிடும்.

ஊழல் என்றதும் வெளியிலிருந்து வந்த சுரங்க முதலாளியை மட்டும் வில்லனாக்குவது சோம்பேறித்தனம். யுரேனியம் தோண்டிவிட்டுக் கைவிட்ட சுரங்கங்கள் 500க்கும் மேல் கிடப்பது உண்மைதான். ஆனால் 1987இல் ஒரு பெரிய பண்ணையை இடைத்தரகர்கள் 2.62 கோடி டாலருக்கு வாங்கி, சில நிமிடங்களில் 3.34 கோடிக்கு நவாஹோ அரசிடமே விற்றார்கள். அதில் லஞ்சம் வாங்கியதாகத் தண்டிக்கப்பட்ட அப்போதைய நவாஹோ தலைவர் பீட்டர் மெக்டொனால்ட், இரண்டாம் உலகப் போரில் நவாஹோ மொழியில் ரகசியச் செய்தி அனுப்பிய படைப்பிரிவைச் சேர்ந்தவர். 1989இல் அவருடைய ஆதரவாளர்கள் தலைநகர் விண்டோ ராக்கில் கலவரத்தில் இறங்கினார்கள், இருவர் செத்தார்கள். இப்படி ஒரு மனிதரை வெறும் கெட்டவனாக எழுத முடியுமா?

சாட்சிகளின் மௌனத்தைக் குற்ற உணர்வாகக் காட்டுவதும் தவறு. மரபு வழி வாழும் குடும்பங்களில் இறந்தவர் பெயரை உச்சரிக்கத் தயங்குவார்கள். ஹோகன் என்ற மரபு வீட்டுக்குள் சாவு விழுந்தால் வடக்குச் சுவரை உடைத்து உடலை எடுத்துவிட்டு, வீட்டையே கைவிடுவதும் உண்டு. கண்ணைப் பார்த்துப் பேசாதது மரியாதை. விசாரிக்கப் போகும் உங்கள் அதிகாரியும் எடுத்த எடுப்பில் கதவைத் தட்டக் கூடாது. உள்ளேயிருந்து யாராவது வெளியே வரும்வரை வண்டியிலேயே காத்திருப்பார்.