கிரெடிட் கார்டு வரம்பை உயர்த்தக் கேட்பதற்கு முன் கார்டின் பாக்கியைக் குறையுங்கள்

அக்காள் மகளின் காதுகுத்துக்குத் தாய்மாமன் சீராக மதுரைத் தெற்கு ஆவணி மூல வீதியில் ஒரு சங்கிலி வாங்கியபோது, 60,000 ரூபாய் வரம்புள்ள என் கார்டில் 52,000 ரூபாய் செலவாகிவிட்டது. பாத்திரமும் துணியும் எடுக்க வேண்டியிருந்ததால், இரண்டு வாரம் கழித்து வரம்பை உயர்த்தக் கேட்டேன். வங்கி மறுத்துவிட்டது. ஏழு ஆண்டுகளாகக் கெடு தவறாமல் முழுத் தொகையையும் கட்டிவந்த எனக்கு அது பெரிய வருத்தமாக இருந்தது. ஆறு மாதம் கழித்து அதே வங்கி அதே கார்டுக்கு 1,50,000 ரூபாய் வரம்பு தந்தது. இடையில் நான் செய்தவை இவை.

முதல் படி: உங்கள் கடன் அறிக்கையைப் பாருங்கள். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் ஆகிய நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் (யார் எவ்வளவு கடன் வாங்கினார், எப்படிக் கட்டினார் என்று பதிவு செய்பவை) ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். கட்டி முடித்த வண்டிக் கடன் இன்னும் நிலுவையில் இருப்பதாகக் காட்டினால் உடனே புகார் செய்யுங்கள். 30 நாளுக்குள் தீர்க்காவிட்டால் அதன்பின் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு.

இரண்டாம் படி: வருமான விவரத்தைப் புதுப்பியுங்கள். கார்டு வாங்கிய நாளில் நீங்கள் எழுதிக்கொடுத்த சம்பளமே வங்கியின் பதிவில் இன்றும் இருக்கக்கூடும். கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டும் படிவம் 16-ம் (சம்பளத்தில் வரி பிடித்ததற்கு நிறுவனம் தரும் சான்று), சொந்தத் தொழில் செய்வோர் என்றால் வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்த ஒப்புகையும் கையில் இருக்கட்டும்.

மூன்றாம் படி, பாக்கியைக் குறைப்பது. இதில்தான் நான் தடுக்கி விழுந்தேன். பில்லே இன்னும் வராதபோது பாக்கி எங்கே இருக்கிறது என்று எண்ணியிருந்தேன். ஆனால் கெடு தேதிக்குள் கட்டுவது வேறு, கணக்கு எடுக்கும் நாளில் எவ்வளவு பாக்கி நிற்கிறது என்பது வேறு. 2025 ஜனவரி முதல் வங்கிகள் மாதம் இருமுறையேனும், 15-ஆம் தேதி நிலவரத்தையும் மாதக் கடைசி நிலவரத்தையும், கடன் தகவல் நிறுவனங்களுக்கு அனுப்பத் தொடங்கின. அந்த நாளில் என் கார்டு ஏறத்தாழ 87 விழுக்காடு நிரம்பியிருந்தது; பார்ப்பவருக்கு இவர் கடனையே நம்பி வாழ்கிறார் என்றுதான் தோன்றும். 30 விழுக்காட்டுக்குள், அதாவது எனக்கு 18,000 ரூபாய்க்குள், பாக்கி நிற்பது நல்லது. ஆகவே பில்லுக்குக் காத்திராமல், 12-ஆம் தேதியிலும் 27-ஆம் தேதியிலும் முன்கூட்டியே கட்டத் தொடங்கினேன். மூன்று மாதமாவது இப்படிக் கட்டிய பிறகே விண்ணப்பியுங்கள்.

நான்காம் படி விண்ணப்பம். கைபேசிச் செயலியைவிடக் கணினியில் நெட்பேங்கிங்கையே நான் விரும்புவேன். ஆவணங்களைத் தெளிவாக ஏற்ற முடிகிறது, விண்ணப்ப எண்ணையும் அச்செடுத்து வைக்கலாம். மறுத்தால் மறுவாரமே மீண்டும் கேட்காதீர்கள், ஆறு மாதம் பொறுங்கள். விண்ணப்பத்துக்காக உங்கள் அறிக்கையை வங்கி எடுத்துப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் அதில் பதிவாகக்கூடும்.

பின்சேர்க்கை: இதைப் படித்த திருமங்கலத்து நண்பர் ஒருவர், வரம்பை உயர்த்துவதாகத் தமக்குத் தொலைபேசி அழைப்பு வந்ததென்றும் ஓடிபி கேட்டார்களென்றும் எழுதியிருந்தார். சொல்லாதீர்கள். உங்கள் வெளிப்படையான ஒப்புதலின்றி வரம்பை உயர்த்தக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் 2022 நெறிமுறை. அந்த ஒப்புதலை வங்கியின் இணையதளத்திலோ செயலியிலோ நீங்களே நுழைந்து கொடுங்கள். ஏற்கெனவே ஓடிபி சொல்லிப் பணம் போயிருந்தால், தாமதிக்காமல் 1930 என்ற எண்ணை அழையுங்கள்.