உடைந்த சாமானை வீச விடாதீர்கள்

லண்டனில் ஒரு களஞ்சியத்தில் வேலை செய்தபோது, சாமான் தள்ளும் கூண்டு வண்டியின் சில்லு கழன்று, வண்டி சரிந்து என் இடது மணிக்கட்டு முறிந்தது. "புது வண்டி, நல்ல கம்பனியில வாங்கினது. எங்கட பிழை இல்லை" என்றார் மனேஜர். நானும் நம்பிவிட்டேன்.

அந்தப் பதில் ஒரு காலத்தில் செல்லுபடியானதுதான். வேலைக் கருவி உடைந்து கண்ணில் இரும்புத் துணுக்குப் பாய்ந்த ஒரு தொழிலாளியின் வழக்கில், 1959-இல் பிரபுக்கள் சபை (அப்போது அதுதான் இங்கே உச்ச நீதிமன்றம்) முதலாளியின் பக்கமே தீர்ப்பளித்தது. அதை மாற்றத்தான் 1969-இல் தனிச்சட்டம் வந்தது. வேலைக்குத் தந்த கருவியில், தயாரித்தவர் போன்ற வேறொருவரின் தவறால் குறை இருந்து, அதனால் காயம் பட்டால், முதலாளியும் கவனக்குறைவாக இருந்ததாகவே இன்று சட்டம் கொள்ளும். தயாரித்தவர் யாரென்று நீங்கள் தேடிப் பிடிக்கத் தேவையில்லை.

ஆனால் அந்தக் குறையை நீங்கள்தான் காட்ட வேண்டும். அதனால் வலியோடு வலியாக, முதலில் முறிந்த இடத்தைக் கிட்டப் பிடித்துப் படம் எடுங்கள், அல்லது யாரையாவது எடுக்கச் சொல்லுங்கள். லேபிளையும் சீரியல் நம்பரையும் விடாதீர்கள். என் வண்டி இரண்டே நாளில் பழைய இரும்புக்குப் போய்விட்டது. கூட வேலை செய்த தம்பி போனில் எடுத்த ஒரு படம்தான் மிஞ்சியது. சில்லை வெல்டிங் பண்ணின இடத்தில், உள்ளே ஊசித் துளைகள், கடற்பஞ்சு மாதிரி. பொறியியலாளர் அதைப் பார்த்துத்தான் தயாரிப்புக் குறை என்று எழுதினார்.

அன்றைக்கே மனேஜருக்கு ஈமெயில் போடுங்கள்: "இந்த வண்டியைத் திருத்தவோ வீசவோ வேண்டாம், பரிசோதிக்க வேண்டும்." விபத்துப் பதிவேட்டில் "விழுந்தேன்" என்று மட்டும் எழுத விடாதீர்கள், "சில்லு கழன்றதால் வண்டி சரிந்து விழுந்தேன்" என்று இருக்க வேண்டும். அந்தப் பக்கத்தையும் படம் எடுங்கள். டொக்டரிடமும் அதையே சொல்லுங்கள்.

முதலாளி தெரிந்த ஆள், எப்படி வழக்குப் போடுவது என்று எங்கட ஆட்கள் பலர் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். எனக்கு இதுதான் பெரிய கவலை. குறைந்தது 50 லட்சம் பவுண்ட்ஸுக்கு முதலாளி காப்புறுதி வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். நட்டஈடு பெரும்பாலும் அதிலிருந்துதான் வரும், அவரின் சட்டைப்பையிலிருந்து அல்ல.

பொதுவாக 3 வருடத்துக்குள் வழக்கை நீதிமன்றத்தில் தொடங்கிவிட வேண்டும். யூனியனில் இருந்தால் முதலில் அவர்களிடம் போங்கள், சட்டத்தரணியை அவர்களே பிடித்துத் தருவார்கள்.