கறுப்பு வெள்ளையில் பெரிய கப்பல்: படம் எங்கே கெடுகிறது

வன்னிக் கரையில் பெரிய கப்பல் அணையும் துறைமுகம் இல்லை. முல்லைத்தீவில் நின்றால் தூரக் கடலில் போகும் கப்பல் ஒரு புள்ளியாகத்தான் தெரியும். கிட்ட நின்று எடுக்க, வவுனியாவிலிருந்து ஹொரவப்பொத்தானை வழியாகத் திருகோணமலைக்கோ, கிளிநொச்சியிலிருந்து ரயிலில் காங்கேசன்துறைக்கோ போகவேண்டும். ஒரு நாள் முழுக்கப் போய்விடும். கெட்ட படத்தைத் திருப்பி எடுக்க வரும்போது அந்தக் கப்பல் அங்கே இருக்காது. ஆகவே என்ன பிழைக்கும் என்பதைப் போவதற்கு முன்பே தெரிந்து வைத்திருப்பது நல்லது.

அதிகமான படங்களைக் கெடுப்பது கப்பலின் பெயின்ற். சரக்குக் கப்பலின் அடிப்பகுதி பெரும்பாலும் செங்காவி நிறம், அதற்கு மேலே கறுப்பு அல்லது நீலம், மேற்கட்டு (தளத்துக்கு மேல் எழும் கட்டடம்) வெள்ளை, உயிர்காப்புப் படகு செம்மஞ்சள். நேரில் பார்க்கும்போது ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரியும். நிறத்தை எடுத்துவிட்டால் செங்காவி அடியும் பச்சைக் கடலும் ஏறக்குறைய ஒரே சாம்பலாகி, கப்பல் எங்கே முடிகிறது, தண்ணீர் எங்கே தொடங்குகிறது என்பதே தெரியாமல் போகும். கமராவைக் கறுப்பு வெள்ளைக்கு மாற்றி ஜேபெக்கில் மட்டும் சேமிப்பவர்களுக்கு இதைச் சரிசெய்ய வழியே இல்லை. சென்சர் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரோ கோப்பில் எடுங்கள். திரையில் மட்டும் கறுப்பு வெள்ளை தெரியட்டும். நிறத் தகவல் கோப்பில் இருக்கும். சிவப்பை வெளிறச் செய்வதா, இருட்டச் செய்வதா என்பதை வீட்டில் கணினியில் அந்தந்த நிறத்தைக் கூட்டியோ குறைத்தோ தீர்மானிக்கலாம்.

துருவுக்கும் இதே கணக்குத்தான். பலர் கவனிக்காத இடம் இது. சிவப்பைக் கூட்டினால் வெள்ளை மேற்கட்டில் வழிந்த துரு வெளிறி அழிந்துவிடும். நீலப் பக்கம் கூட்டினால் அது கரிய கோடாக எழும்பும். கறுப்பு உடலில் இது தலைகீழ்: அங்கே துரு தெரிய வேண்டுமென்றால் சிவப்பைத்தான் கூட்டவேண்டும். ஒரே கப்பலில் இரண்டும் இருந்தால் இரண்டு விதமாக மாற்றி, பகுதி பகுதியாகச் சேர்ப்பதைத் தவிர வழியில்லை.

சிவப்புக் கண்ணாடி பில்டர் பிலிமுக்கானது. 25ஆம் எண் பில்டருக்கு மூன்று ஸ்டொப் (ஒரு ஸ்டொப் என்றால் இரட்டிப்பு) வெளிச்சம் கூட்டவேண்டும். டிஜிட்டல் கமராவில் அதை மாட்டாதீர்கள். சென்சரின் புள்ளிகளில் நாலில் ஒன்றுதான் சிவப்பைப் பதியும். மற்றவை கிட்டத்தட்ட வெறுமையாகி, படம் சொரசொரப்பாகும். வானத்தைக் கரிய இருட்டாக்க நீலத்தை ஒரேயடியாக இறக்குவதும் பிழை. கிரேன் கம்பிகளையும் கொடிமரத்தையும் சுற்றி வெள்ளைக் கோடு விழும். அப்படி விழுந்ததை அச்சில் மறைக்க முடியாது.

கமராவின் வெளிச்ச மீற்றரை அப்படியே நம்பவும் கூடாது. கரிய உடல் சட்டகத்தை நிரப்பினால் கமரா அதைச் சாம்பலாக்கப் பார்க்கும். மேற்கட்டு வெளிறிப் போகும். டிஜிட்டலில் வெள்ளை மேற்கட்டை ஒரு சிறு இடத்தை மட்டும் அளக்கும் ஸ்பொட் மீற்றரால் அளந்து, ஒன்றரை முதல் இரண்டு ஸ்டொப் கூட்டுங்கள். வெள்ளை வெள்ளையாகவும் இருக்கும், தகட்டின் பொருத்துக்கோடும் தெரியும். பிலிமில் நிழலைப் பார்த்து அளக்கவேண்டும்: விவரம் தெரிய வேண்டிய கரிய பகுதியை அளந்து, இரண்டு ஸ்டொப் குறைத்து எடுப்பது வழக்கம்.

காற்றைப் பார்க்காமல் போவது அடுத்த தவறு. ஒற்றை நங்கூரத்தில் நிற்கும் கப்பல் தன் அணியத்தை (முன்பக்கத்தை) காற்றுக்கு எதிராகத் திருப்பும். நம் கரையில் வற்றுப்பெருக்கு ஒரு மீற்றருக்கும் குறைவு. ஆகவே பெரும்பாலும் காற்றின் சொல்தான் நடக்கும். திருகோணமலை நகரக் கரையில் நின்று உள்துறைமுகத்தைப் பார்த்தால் நம் முகம் ஏறக்குறைய மேற்கே இருக்கும். வடகிழக்கிலிருந்து அடிக்கும் வாடைக் காலத்தில் கப்பல் நம்மை நோக்கி அணியம் காட்டும்; தென்மேற்கிலிருந்து கச்சான் அடிக்கும் மாதங்களில் பின்புறந்தான் கிடைக்கும். அங்கே காலை வெயில் நம் முதுகுப் பக்கமிருந்து விழும். பின்னேரத்தில் கப்பல் நிழலுருவாகிவிடும். அதை விரும்பிப் போனால் சரி, தகட்டின் மேடுபள்ளம் வேண்டுமென்றால் காலைதான். கச்சான் காலத்தில் ஒன்பது மணிக்குப் பிறகு சூடேறிய நிலத்தின் மேலாக நீண்ட லென்ஸால் எடுத்தால், முக்காலி எவ்வளவு உறுதியாக நின்றாலும் கானல் அசைவு கூர்மையைத் தின்றுவிடும். செம்மஞ்சள் பில்டர் தூரத்து நீலப் புகாரைக் குறைக்கும். கானலை ஒன்றும் செய்யாது. மாரி மூட்டத்தின் மென்மையான வெளிச்சத்தை வீணாக்காதீர்கள்.

கிட்டப்போய் அகல லென்ஸால் அண்ணாந்து எடுத்தால் கப்பல் பின்னால் சாய்ந்து விழுவதுபோல் இருக்கும். தள்ளி நின்று 70 முதல் 200 மில்லிமீற்றரில் எடுங்கள். அளவு தெரிய ஆள், இழுவைப் படகு, கட்டுக்கயிறு ஏதாவது சட்டகத்தில் இருக்கட்டும். அணியத்தில் எழுதியிருக்கும் ஆழக் குறியீட்டு எண்களும் உதவும்: மீற்றர் அளவில் எழுதிய ஒவ்வொரு எண்ணும் 10 சென்ரிமீற்றர் உயரம், அடுத்தது 20 சென்ரிமீற்றர் தள்ளி. சரக்கு இறங்க இறங்கக் கப்பல் உயர்ந்து, அணியத்தின் அடியிலுள்ள குமிழும் வெளியே தெரியும். இறக்கி முடியும் தறுவாயில் போவது மேல்.

பத்து ஸ்டொப் இருட்டு பில்டர் 1/125 செக்கனை 8 செக்கனாக்கும். தண்ணீர் பாலாகும், ஆனால் கட்டிய கப்பலும் மெல்ல ஆடும். கொடிமரம் இரட்டையாகத் தெரியும். அரை முதல் இரண்டு செக்கன் போதும். பிலிமில் நீண்ட நேரத்துக்கு இன்னும் கூட்டவேண்டும்: இல்ஃபோர்ட் எச்பி5 பிளஸில் 8 செக்கன் ஏறக்குறைய 15 ஆகும்.

வன்னியின் செம்மண் தூசி சென்சரில் ஒட்டினால் நிறப்படத்தில் மறைந்திருக்கும். வெறும் சாம்பல் வானத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியும், லென்ஸின் துவாரத்தைச் சுருக்கும் எஃப் 16இல் இன்னும் மோசம். எஃப் 8இல் எடுங்கள், வீதியோரத்தில் லென்ஸ் மாற்றாதீர்கள். குளிரூட்டிய வாகனத்தில் போயிருந்தால் கமராவை அரைமணி நேரம் பைக்குள்ளேயே விடுங்கள். இல்லையென்றால் கண்ணாடியில் நீர் படரும். உப்புத் துளியை உலரத் துடைக்கக்கூடாது. முதலில் ஊதி, பிறகு ஈரத்துணி.

துறைமுக வளவுக்குள் போக முன் அனுமதி வேண்டும். கடற்படைக் கப்பலோ முகாமோ சட்டகத்தில் வராமல் பாருங்கள். ட்ரோனுக்குச் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அனுமதியும் தேவை.