'கரை'யிலிருந்து 'க்ரை' வரவில்லை: சொல்வரலாறு தேடுகிறவர்கள் விழும் சில குழிகள்

போன மாதம் வகுப்புக்குப் புதிதாக வந்த பையன் ஒருவன் முதல் நாளே கையைத் தூக்கினான். "சார், க்ரைங்கிற இங்கிலீஷ் சொல்லே நம்ம கரையிலிருந்து போனதுதானே? காக்கா கரையுது, குழந்தை க்ரை பண்ணுது." வாட்ஸாப்பில் வந்ததாம். போனை நீட்டினான். படித்துப் பார்த்தால், நடை எனக்கு நன்றாகத் தெரிந்த நடை. இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் ஒரு சிற்றிதழில் நானே எழுதிய பத்தி. என் பெயர் மட்டும் எங்கோ வழியில் உதிர்ந்துவிட்டிருந்தது.

பழைய ஆங்கில ஆவணங்களை மொழிபெயர்ப்பது என் பிழைப்பு. சனிக்கிழமைகளில் அதைக் கொஞ்சம் பேருக்குச் சொல்லித் தருகிறேன். வருகிறவர்கள் எல்லாரும் வரிசையாக நான் விழுந்த அதே குழிகளில் விழுகிறார்கள். அகராதியைப் பார், ஆண்டைக் குறித்து வை என்பதையெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. அது தெரியாதவர் இந்த வேலைக்கு வரமாட்டார். 'க்ரை' என்ற ஒரே வினைச்சொல்லை வைத்து மற்றதைச் சொல்கிறேன்.

ஆங்கிலச் சொல் என்றால் ஆங்கிலேயரின் பூர்விகச் சொத்து என்று நினைப்பது

'க்ரை' வந்தேறி. 1066இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்தபின் ஆட்சி, கோர்ட்டு, கோட்டை எல்லாம் பிரெஞ்சு பேசின. அந்தக் கூட்டத்தோடு வந்து 13ஆம் நூற்றாண்டில் ஆங்கில எழுத்தில் உட்கார்ந்த சொல் இது. அதற்கு முன் கத்துவதற்கு அவர்களிடம் சொல் இல்லாமலில்லை. 'யெல்' அப்போதே இருந்தது. கூப்பிடுவதற்கு 'க்ளிப்பியன்' என்று ஒன்று இருந்தது. அது 'க்ளீப்' ஆகத் தேய்ந்து, ஷேக்ஸ்பியர் காலத்திலேயே பழைய வாடை அடிக்க ஆரம்பித்து, இப்போது அகராதியில் மட்டும் கிடக்கிறது.

இன்றைய அர்த்தத்தைப் பழைய ஏட்டில் ஒட்டுவது

'க்ரை' என்றதும் நமக்குக் கண்ணீர்தான் ஞாபகம் வருகிறது. அந்தச் சொல்லுக்கோ முதல் முந்நூறு வருஷம் கண்ணீரோடு பெரிய சம்பந்தமில்லை. கத்து, கூவு, உரக்கச் சொல், அறிவி, இவ்வளவுதான். அழுவதற்கு 'வீப்' இருந்தது. 'க்ரை' கண்ணீர் பக்கம் சாய்ந்தது 16ஆம் நூற்றாண்டு வாக்கில்.

இதை ஒரே பக்கத்தில் பார்க்க வேண்டுமென்றால் 1611இன் ஆங்கில பைபிளில் யோவான் 11ஆம் அதிகாரத்தைத் திறக்கலாம். 35ஆம் வசனத்தில் இயேசு கண்ணீர் விடுகிறார். அங்கே 'வெப்ட்'. எட்டு வசனம் தள்ளி 43இல், கல்லறை வாசலில் நின்று லாசருவை வெளியே வரச் சொல்லி உரத்த குரலில் கூப்பிடுகிறார். அங்கே 'க்ரைட்'. தமிழ் பைபிளில் இந்தக் குழப்பமே கிடையாது. மாற்குவின் முதல் அதிகாரத்தில் யோவான்ஸ்நானன் 'வனாந்தரத்திலே கூப்பிடுகிறவன்'தான்.

இதைத் தெரியாமல் என் வகுப்பில் எழுதப்பட்டவற்றில் இரண்டை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன். ஒன்று, டவுன் க்ரையர். மணியடித்துக்கொண்டு சந்தையில் நின்று அரசாணையைக் கூவுகிற ஆள், நம் ஊர் தண்டோராக்காரரின் ஒன்றுவிட்ட அண்ணன். "ஓயே, ஓயே, ஓயே" என்று மூன்று தரம் கூவுவார். 'கேளுங்கள்' என்பதற்கான நார்மன் பிரெஞ்சு அது. ஒரு அம்மா அவரை 'நகர அழுகையாளர்' என்று எழுதியிருந்தார். எனக்கு ஒப்பாரிதான் கேட்டது.

இன்னொன்று 'ஹியூ அண்ட் க்ரை'. முதலாம் எட்வர்டின் 1285ஆம் வருஷத்து வின்செஸ்டர் சட்டத்தில் வருவது. திருட்டு நடந்தால் பார்த்தவர் கூச்சல் போட வேண்டும், கேட்டவர்கள் ஓடிவந்து ஊர் ஊராகத் துரத்த வேண்டும், திருடனைப் பிடித்துக் கொடுக்காவிட்டால் அந்த வட்டாரமே நஷ்டத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். 'ஹியூ' இங்கே கூச்சல்தான். அதுவும் பிரெஞ்சுதான். நிறத்தைக் குறிக்கும் 'ஹியூ' பழைய ஆங்கிலத்திலிருந்து வந்த வேறு சொல். ஆனால் என் கையில் வந்த தாளில் என்ன இருந்தது தெரியுமா? "நிறமும் அழுகையும் எழுப்பப்பட்டன." சிரித்துவிட்டேன், ஒப்புக்கொள்கிறேன். அப்புறம் என் முதல் வருஷத்து நோட்டை எடுத்துப் பார்த்தேன். சிரிப்பு நின்றுவிட்டது.

காதில் ஒன்றாக விழுந்தால் ரத்த சொந்தம் என்று முடிவு கட்டுவது

இதுதான் எனக்கு இன்றுவரை எரிச்சல் மூட்டுவது. மற்றதெல்லாம் ஒரு தாளோடு போகும். இது அச்சேறி, பேச்சுப்போட்டிக்குப் போய், போன் போனாகச் சுற்றி, எழுதினவன் வீட்டு வாசலுக்கே திரும்பி வருகிறது.

எனக்கு அப்போது இருபத்துநாலு வயது. காக்கை 'கரைந்தது' என்று குறுந்தொகையில் படிக்கிறேன், "விருந்து வரக் கரைந்த காக்கை". பக்கத்தில் ஆங்கில அகராதியில் 'க்ரை: கத்து, கூப்பிடு' என்று இருக்கிறது. ககரம், ரகரம், ஐ. பொருளும் அதே. இதற்குமேல் என்ன வேண்டும்? நாலு பக்கம் எழுதி அனுப்பினேன். போட்டுவிட்டார்கள். பாராட்டுக் கடிதங்கள் நிறைய வந்தன. பத்தாவதோ பதினோராவதோ ஒரு தபால் அட்டை. லத்தீன் படித்த, ஓய்வுபெற்ற ஒரு வாத்தியார். ஒரே வரி: "தம்பி, க்விரித்தாரே பார்த்தீரா?"

பார்க்கவில்லை. அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

இப்போது வகுப்பில் யார் இந்தப் பேச்சை எடுத்தாலும் ஒரு தாளை நடுவில் மடித்துக் கொடுக்கிறேன். இடது பக்கம் 'கரை', வலது பக்கம் 'க்ரை'. இரண்டையும் காலத்தில் பின்னோக்கி இழுக்கச் சொல்கிறேன்.

வலது பக்கத்தை முதலில் பாருங்கள். ஆங்கில 'க்ரை'க்குப் பின்னால் பிரெஞ்சு 'க்ரியே'. அதன் உடன்பிறப்புகள் இத்தாலிய 'கிரிதாரே', ஸ்பானிய 'கிரிதார்'. இரண்டிலும் நடுவில் ஒரு தகர ஒலி நிற்கிறது. பிரெஞ்சு அதை வழியில் விழுங்கிவிட்டது. இவர்களுக்கெல்லாம் பின்னால், பெரும்பாலோர் ஒப்புக்கொள்கிற மூலமாக, லத்தீன் 'க்விரித்தாரே', ஓலமிடு என்ற பொருளில். ஜெர்மானிய மூலம் என்று வாதாடினவர்களும் உண்டு. எப்படிப் பார்த்தாலும் வழி ஐரோப்பாவுக்குள்ளேயே போகிறது.

இடது பக்கம் 'கரை'. பின்னால் குறள், சங்கப் பாட்டு. பக்கத்தில் கன்னட 'கரெ', மலையாள 'கரயுக'. இரண்டாயிரம் வருஷம் பின்னால் போயும் 'கரை' கரையாகவே இருக்கிறது. வலது பக்கத்தில் இருப்பதோ 'க்விரித்'. இரண்டும் ஒத்துப்போவது காலத்தில் ஆகப் பிந்திய வரியில் மட்டும்தான், அதாவது பிரெஞ்சுக்காரர் பாதிச் சொல்லை மென்று தின்ற பிறகு. கடன் வாங்கிய சொல்லென்றால் வாங்கிய காலத்தில் அல்லவா ஒத்துப்போக வேண்டும்?

"ரோமானியர் முசிறிக்கு வந்தாங்களே சார், அப்ப எடுத்துட்டுப் போயிருக்கலாமே?" இதையும் ஒருவர் கேட்டார். நல்ல கேள்விதான். ரோமக் கப்பல்கள் மிளகுக்காகப் பெருவாரியாக வரத் தொடங்கியது கி.மு. 30இல் எகிப்து அவர்கள் கைக்குப் போன பிறகு. ரோமாபுரி அறிஞர் வர்ரோ அதற்கு முன்பே, ரோமப் பேச்சாளர் சிசரோ உயிரோடிருந்த நாளில் எழுதிய நூலில் 'க்விரித்தாரே'க்கு மூலம் தேடிக்கொண்டிருந்தார். சிசரோ செத்தது கி.மு. 43. இன்னொன்று: நிஜமாகத் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொல்லுக்கு ஒரு பொருள் இருக்கும், ஒரு துறைமுகம் இருக்கும், தூக்கிக்கொண்டு போன ஆள் இருப்பான். கட்டுமரம், சுருட்டு, கறி, வெட்டிவேர், மிளகுத்தண்ணி ரசம். கட்டுமரத்தை 17ஆம் நூற்றாண்டுப் பயணிகள் நம் கரையில் பார்த்து வாயைப் பிளந்து எழுதி வைத்திருக்கிறார்கள். 'கத்து' என்பதற்கு எந்த நாட்டுக்காரன் கப்பலேறி வந்து சொல் கடன் வாங்குவான்?

என் எரிச்சல் இதோடு நிற்பதில்லை. இந்தப் போலிச் சொந்தம் பேசுகிற அவசரத்தில் அந்தத் தாளிலேயே இருக்கிற பெரிய விஷயத்தை யாரும் பார்ப்பதில்லை. நானும் பார்க்கவில்லை. கன்னடத்தில் 'கரெ' என்றால் கூப்பிடு. மலையாளத்தில் 'கரயுக' என்றால் அழு. தமிழில் இரண்டும் உண்டு. அதாவது ஒரே வேர், கூப்பிடுவதற்கும் அழுவதற்கும் நடுவில் நடந்திருக்கிறது. 'க்ரை'யும் அதே மாதிரி கூப்பிடுவதிலிருந்து அழுகைக்கு நடந்த சொல். அது மட்டுமா? அதற்கு முன் அழுகைக்கு இருந்த 'வீப்' இருக்கிறதே, கோத்திக் என்ற பழைய ஜெர்மானிய மொழியில் அதன் உறவு 'வோப்யன்'. 4ஆம் நூற்றாண்டில் வுல்ஃபிலா செய்த கோத்திக் பைபிளில் வனாந்தரத்திலே கூப்பிடுகிறவனுக்கு அதே சொல்தான் போடப்பட்டிருக்கிறது. ஆக 'வீப்'பின் கிளையிலும் ஒரு கூப்பாடு இருக்கிறது.

மூன்று தனித்தனி வேர், ஒன்றுக்கொன்று ஒட்டுறவு இல்லை. மூன்றிலும் கத்தலும் அழுகையும் பக்கத்துப் பக்கத்து வீடு. தொட்டிலில் கிடக்கிற குழந்தைக்குக் கூப்பிடுவதும் அழுவதும் ஒன்றுதான், அதனால் இருக்கலாம் என்பது என் ஊகம். இதை எழுதியிருந்தால் அந்த நாலு பக்கம் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! 'நம்மிடமிருந்து போனது' என்று ஒரு வரியில் கதவைச் சாத்திவிட்டேன்.

சிற்றிதழுக்குத் திருத்தம் எழுதி அனுப்பினேன். அடுத்த இதழ் வரவேயில்லை, பத்திரிகை நின்றுபோனது. தப்பு மட்டும் தங்கிவிட்டது.

பழைய ஆள் சொன்னால் சரியாக இருக்கும் என்று நம்புவது

மேலே வந்த வர்ரோவையே எடுத்துக்கொள்வோம். 'க்விரித்தாரே' என்றால் 'க்விரித்தெஸ்'களை, அதாவது ரோமக் குடிமக்களை, 'ஐயா காப்பாற்றுங்கள்' என்று கூவி அழைப்பது என்கிறார். அழகான விளக்கம். நடுத்தெருவில் மாட்டிக்கொண்டவன் ஊராரைக் கூப்பிடுகிற காட்சியே கண்ணில் வருகிறது. ஆனால் பின்னால் வந்த ஆய்வாளர்கள் பலருக்கு இதில் நம்பிக்கையில்லை. லத்தீனில் ஆண் பன்றி உறுமுவதற்கு 'க்விர்ரித்தாரே' என்று ஒன்று இருக்கிறது, இதுவும் அப்படிச் சத்தத்தைப் பார்த்துப் பிறந்ததாக இருக்கலாம் என்கிறார்கள். குடிமகனா, பன்றியா? எனக்குப் பன்றிப் பக்கம்தான் சாய்வு. வர்ரோ காலத்துக்குக் கிட்டத்தில் இருந்தார் என்பதற்காக அவருக்கு வேர் தெரிந்திருக்க வேண்டும் என்றில்லை. அவரும் என்னைப் போல ஒலி ஒப்புமையில் மயங்கிய ஆள்தானே.

முன்னொட்டை வெட்டிவிட்டு மிச்சத்தை மொழிபெயர்ப்பது

'டிக்ரை' அழாமலிருப்பது இல்லை. ஒரு நாணயம் இனிச் செல்லாது, அல்லது மதிப்புக் குறைந்தது என்று கூவி அறிவிப்பதற்கு அது பயன்பட்டது. பழித்துப் பேசு என்ற இன்றைய பொருளைப் படிக்கும்போது அந்தச் செல்லாக்காசை நினைத்துக்கொள்ளுங்கள். 'ஓப்பன் அவுட்க்ரை'யும் அப்படித்தான். பங்குச்சந்தைக் கூடத்தில் நின்று விலையைக் கத்திக் கேட்கும் முறை. பம்பாயில் 1995இல் கம்ப்யூட்டர் வரும்வரை அதுதான். 'வெளிப்படையான கதறல்' என்று எழுதியவர் இப்போது ஒரு வங்கியில் நல்ல வேலையில் இருக்கிறார்.

'ஃபார் க்ரை'

வெகு தூரம் என்று பொருள். கூப்பிடு தூரம் என்ற சொல்லைக் கையில் வைத்துக்கொண்டு இதற்கு அகராதி தேடாதீர்கள்.

ஒரே எழுத்து, ஒரே சொல்?

அகராதியில் உப்பு கரைவது வேறு சொல். காக்கை கரைவது வேறு.

அந்தப் பையனுக்குத் தாளை மடித்துக் கொடுத்தேன். ஒரு வாரம் உட்கார்ந்து இரண்டு பக்கத்தையும் நிரப்பிக்கொண்டு வந்தான். ஸ்பானிய வரியில் எனக்கே ஒரு திருத்தம் சொன்னான், சரியாகத்தான் இருந்தது. சந்தோஷப்பட்டேன். நேற்று ராத்திரி பத்தரைக்கு அவனிடமிருந்து மெசேஜ். "சார், அது போகட்டும். யெல் இருக்கே, அது நம்ம ஏலேலோதானே?"

'தாளை மடி' என்று மட்டும் பதில் போட்டேன்.