நுரையீரல் புற்றுநோய்: இணையக் குழு தேடுமுன் அறிக்கையைப் பாருங்கள்

திருகோணமலையிலிருந்து மட்டக்களப்புக்கும் மகரகமைக்கும் கிளினிக் போய்வரும் குடும்பங்களுக்கு, அதே நோயோடு வாழும் இன்னொருவரிடம் ஆறுதலாகப் பேசக் கிடைப்பது அரிது. இணைய ஆதரவுக் குழுக்கள் அந்தக் குறையை ஓரளவு தீர்க்கும்.

தேடத் தொடங்குமுன் பயொப்சி (திசுப் பரிசோதனை) அறிக்கையை எடுங்கள். 'நொன் ஸ்மோல் செல்' என்றிருக்கிறதா, 'ஸ்மோல் செல்' என்றிருக்கிறதா? பத்தில் எட்டுப் பேருக்காவது முதலாவது வகைதான். மரபணுப் பரிசோதனை செய்திருந்தால் ஈஜிஎஃப்ஆர் (EGFR), ஏஎல்கே (ALK) போன்ற மரபணு மாற்றங்களின் பெயர்களையும் பாருங்கள். 'ஈஜிஎஃப்ஆர் ரெசிஸ்டர்ஸ்', 'ஏஎல்கே பொசிட்டிவ்' என்று அந்தந்த மாற்றத்துக்கே தனிக் குழுக்கள் இருக்கின்றன. ஒரே வகை மாத்திரை எடுப்பவர்கள் கூடும் இடம் என்பதால், முகத்தில் கொப்புளம், வயிற்றோட்டம், நகக்கண் புண் என்று பக்கவிளைவுகள் பற்றிய பேச்சு நேரே விஷயத்துக்கு வந்துவிடும். பொதுவான குழுவில் இது கிடைக்காது.

வகை தெரியாவிட்டால் பிரித்தானியாவின் மெக்மில்லன் புற்றுநோய் ஆதரவு அமைப்பு நடத்தும் இணையச் சமூகம் நல்ல தொடக்கம். பராமரிப்பவர்களுக்கும் அங்கே இடமுண்டு. எல்லாம் ஆங்கிலம்தான். உயர்தரம் படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் வாசித்துச் சொல்லட்டும்.

கிளினிக் கொப்பியைப் படமெடுத்துப் போடாதீர்கள். பெயரும் அடையாள அட்டை இலக்கமும் அதில் இருக்கும். தனிச்செய்தியில் மூலிகை விற்க வருபவரை (கட்டாயம் வருவார்) உடனே தடுத்துவிடுங்கள். சளியில் இரத்தம், திடீர் மூச்சுத்திணறல் என்றால் குழுவில் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம். 1990 இலவச அம்புலன்ஸை அழையுங்கள்.