பகலில் மட்டும் ஏறாத பவர் பேங்க்

சரக்கு எடுக்கப் போன இடத்தில் மூன்று நாள் வீணாய்ப்போன கதை இது. 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் இரண்டு வைத்திருந்தேன். ஒன்று கையோடு வரும், மற்றது பகலில் ஓட்டல் அறையில் சார்ஜ் ஆகும். சாயங்காலம் வந்து பார்த்தால் அறையில் விட்டது காலையில் இருந்தபடியே ஒற்றை விளக்கோடு கிடந்தது. 10 வாட் சார்ஜரில் அது நிறைய எட்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ராத்திரித் தூக்கம் அதற்குப் போதாது.

கேபிளை மாற்றினேன். புது அடாப்டர் வாங்கினேன், தண்டச் செலவு. ராத்திரி ஒழுங்காக ஏறியதால் பிளக் பாயின்ட் மேல் சந்தேகமே வரவில்லை.

காரணம், கதவோரம் சாவி அட்டை செருகும் பெட்டி. அட்டையை உருவினால் அறையின் மின்சாரமே நின்றுவிடும். ஆனால் உடனே நிற்காது, அரை நிமிடம் போல விளக்கு எரியும்; அதற்குள் நாம் கதவைச் சாத்திவிடுகிறோம். அதனால்தான் கண்ணில் படவில்லை.

துப்பு கொடுத்தது தண்ணீர் பாட்டில். அறை புழுங்கிக் கிடக்க, குட்டி ஃபிரிட்ஜில் இருந்த தண்ணீர் மட்டும் ஜில்லென்று இருந்தது. அப்படியென்றால் அதற்குத் தனி லைன். ஃபிரிட்ஜை ஒரு சாண் முன்னால் இழுத்தேன். பின்னால் இரட்டை சாக்கெட், ஒன்று காலி. பிளக்கை அங்கே மாட்டிவிட்டுப் போனேன், சாயங்காலம் நான்கு விளக்கும் எரிந்தன.

காலி சாக்கெட் இல்லையென்றால் ஃபிரிட்ஜைக் கழற்றாதீர்கள். வரவேற்பில் இரண்டாவது அட்டை கேட்டு வாங்கிப் பெட்டியில் செருகி வைக்கலாம், ஏசியை மறக்காமல் அணைத்துவிட்டு. விசிட்டிங் கார்டைச் செருகும் தந்திரம் வெறும் சுவிட்ச் உள்ள பெட்டியில்தான் பலிக்கும்; சிப்பைப் படிக்கும் பெட்டி ஏமாறாது.